கூடப்பிறந்தவர் உண்டா

நிவித்திகல,
14.3.1974

தம்பி இராமையாவுக்கு அண்ணன் நாகலிங்கம் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் இருக்க வேண்டும் என்றே இக்கடிதம். கோபம் தீர்ந்து எழுதுவதாக எண்ணாதே. அப்பா இறந்த வருடமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவன் நீ. ஐந்து வருடமாகிறது.

போன மாதம் விலாவில் வலி கண்டு ஆட்களின் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தின் மேலேயே சரிந்தேன். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் சிறுநீரோடு ஒரு கல் விழுந்தது. மெழுகு போல மஞ்சள். அடுத்த கட்டிலில் கிடந்த மாணிக்க வியாபாரி கபூர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கணக்கப்பிள்ளை, இது பத்துச் சதத்துக்கும் போவாதுங்க" என்றார்.

டாக்டர் இளைஞர், சிங்களவர். பொறுமையாக விளக்கினார். பெரும்பாலான கற்கள் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. வியர்க்க உழைத்துத் தண்ணீர் குடிக்காதவர்களுக்கு வருபவை. ஒதுங்க இடமில்லாததால் தேயிலைக் கொழுந்தெடுக்கும் நம் பெண்கள் தண்ணீரே தொடுவதில்லை என்றேன். தலையாட்டிவிட்டு மற்ற வகைகளைச் சொன்னார். இறைச்சி அதிகம் தின்றால் வருவது ஒன்று, சிறுநீரில் கிருமி தங்கி வளர்வது ஒன்று. என்னுடையது இவை எதுவுமில்லை. தாய், தகப்பன் இருவர் வழியாகவும் இறங்குவது. மைக்ராஸ்கோப்பில் ஆறு பக்கப் பளிங்காகத் தெரிந்ததாம். இளவயதிலேயே தொடங்கும், திரும்பத் திரும்ப வரும். கவனிக்காவிட்டால் சிறுநீரகமே போய்விடும்.

கூடப்பிறந்தவர் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

அன்று முழுக்க உன் பதினெட்டாம் வயதே கண்முன் நின்றது. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். "முடியலீங்க அண்ணே, சத்தியமா" என்றாய். "கவ்வாத்துன்னா மட்டும் வலி வந்துருமா? நடிக்காம லயத்து வீட்டுக்குப் போ" என்று சொல்லி அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான் போட்டேன். ஆட்கள் சிரித்தார்கள். பிறகும் இரண்டு தடவை வந்ததாக அம்மா சொன்னாள். என்னிடம் நீ சொல்லவேயில்லை.

உடனே அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர் எழுதித் தந்த துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன், காட்டு. வாழைத்தண்டுச் சாறோடு நின்றுவிடாதே. தண்ணீர் நிறையக் குடி; இரவில் எழுந்தும் குடி.

துண்டின் மூன்றாவது வரியைப் பார். சகோதரர் இல்லை என்றிருந்ததை அடிக்கச் சொல்லி உன் பெயரை எழுத வைத்தேன்.

வலி இருக்கிறதா என்று ஒரு வரி எழுது. இந்தத் தடவை நம்புவேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
நாகலிங்கம்