அம்மாகிட்ட குடுக்கறேன்

பாரிவாக்கம்
29-1-2026

அன்பு மகள் ரோஷினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பால் நன்றாக இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் அப்படியே இருக்க ஆண்டவர் துணை செய்யட்டும். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்பாய். அதில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தப்பித்துவிடுவாய். இது தபால், முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

திங்கட்கிழமை குடியரசு தினத்துக்கு நம் ஃப்ளாட் சங்கத்தில் கொடி ஏற்றினோம். செயலாளர் சம்பத், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசுங்கள் சார், ஆவடி ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர், பெண்ணை வெளிநாட்டில் பெரிய கம்பெனியில் உட்கார வைத்தவர் என்று மைக்கைக் கையில் கொடுத்தார். நானும் என் மகளைப் பாருங்கள், ஏழு வருஷமாக ஒரே கம்பெனி, ஒரு நாள்கூட வேலை பிடிக்கவில்லை என்று சொன்னதில்லை என்று இருபது நிமிஷம் முழங்கினேன். யாரும் சிரிக்கவில்லை, கை தட்டினார்கள், அதுதான் இன்னும் எரிகிறது. உன் அம்மா முதல் வரிசையில் தலை குனிந்து மிட்டாய்த் தாளை மடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலிகளை அடுக்கும்போது வாட்ச்மேன் துலுக்கானம் கிட்டே வந்து, "இன்னா சார், பாப்பா அந்த வேலைய உட்டு பத்து மாசம் ஆவுதாமே, இப்ப பேச்சு வராத புள்ளைங்க ஸ்கூல்ல கீதாமே, நீ இன்னாத்துக்கு பழைய கதைய சொல்லிகினு கீற" என்றான். அம்மா இரண்டாவது மாடி சுதாவிடம் சொல்லியிருக்கிறாள், சுதா லிஃப்டில் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறாள். கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் வரை தெரிந்த விஷயம் பெற்ற அப்பனுக்குத் தெரியவில்லை.

வேலையை விட்டதற்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம்தான். அதைவிடப் பெரிய கோபம், பத்து மாசம் என்னிடம் ஆபீஸ் எப்படிப் போகிறது என்றால் போகுதுப்பா என்று வாய் கூசாமல் சொன்னாயே, அதற்கு. பேச்சு வராத பிள்ளைகளைப் பேச வைக்கிறாயாம், அப்பனிடம் பேச உனக்கு வாய் வரவில்லையா? நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்? இதையெல்லாம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம்தான் கத்தினேன். உன் அம்மா ஆக்னஸ் பதிலுக்குக் கத்தவில்லை. "மார்ச் மாசம் அவ உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்ணா. அப்பா, இந்த வேலை பிடிக்கலப்பா, காலையில எழுந்தாலே அழுகையா வருதுன்னு சொன்னா. நீங்க என்ன செஞ்சீங்க? அம்மாகிட்ட குடுக்கறேன்னு என் கையில குடுத்துட்டு நியூஸ் பாக்கப் போனீங்க" என்றாள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று அடித்துப் பேசினேன். குளிக்கப் போனபோது ஞாபகம் வந்துவிட்டது.

நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து இதே கதைதான். சாப்பிட்டியா, மழையா, சரி அம்மாகிட்ட குடுக்கறேன். நான் ரிட்டயர் ஆன அன்றும் அதேதான். மாலை போட்டு, மேளம் அடித்து என்னைக் குவார்ட்டர்ஸ் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள், நீ கூப்பிட்டு எப்படி இருக்குப்பா என்றாய். பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று போனை அம்மாவிடம் தள்ளிவிட்டேன். அப்பா கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறார் என்று நினைத்திருப்பாய். அன்றைக்கு மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன் பாப்பா. இன்னொன்று, அம்மாவுக்கே தெரியாது. ரிட்டயர் ஆன பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேனே, ஆர்டர் இல்லை என்று கம்பெனி அனுப்பிவிட்டதாக உங்களிடம் சொன்னது பொய், ஒன்பதாம் நாள் நானே எழுந்து வந்துவிட்டேன். இங்கே எதற்கு நிற்கிறோம் என்று தோன்றியது, காரணம் கேட்டால் சொல்ல வார்த்தை இல்லை, அதனால் புளுகினேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று முப்பத்தாறு வருஷம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது காலை எட்டு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு சும்மா பால்கனியில் நிற்கிறேன். உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது, அதையாவது சொல்.

இவ்வளவு எழுதியும் கோபம் தணியவில்லை, தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. சில பிள்ளைகள் கடித்துவிடும் என்று அம்மா சொன்னாள், டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டாயா? ஓட்ஸைத் தின்றுவிட்டுச் சாப்பாடு என்று சொல்லாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும், உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும்.

மறக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த வாரத்து ஞாயிறு, இங்கே காலை எட்டு மணிக்கு என் நம்பருக்குக் கூப்பிடு. அம்மா பூசைக்குப் போயிருப்பாள். நான் போகமாட்டேன், ஆண்டவர் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வார். நான் திட்டுவேன், நீயும் திட்டு. நடுவில் என் சத்தம் நின்றுபோனால் வைத்துவிடாதே, லைனிலேயே இரு. போனை வாங்கிக்கொள்ள வீட்டில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கும் அப்பா
ஞானசேகரன்