சிஞ்ஞோராவின் சூசையப்பர் மேசை

1996 பங்குனி 14, வியாழன்

காலையிலிருந்து மழை. தோய்த்த உடுப்பு ஒன்றும் காயவில்லை. சூசையப்பர் திருநாளுக்கு இன்னும் ஐந்து நாள். உப்பு மீன் ஊறப்போட்டாயிற்று. கீரை நாலு பை, இனித்தான் கழுவ வேண்டும். முழங்கால் நோ.

வழக்கம்போல வைன் கிடங்கில்தான் திருநாள் விருந்து மேசை. உலக யுத்த காலத்தில் என் முதலாளியம்மா சிஞ்ஞோராவின் மாமனார் பீப்பாய்களை வெளியே உருட்டிவிட்டு, வீடிழந்த சனத்தை உள்ளே படுக்க வைத்த கிடங்கு. அன்று தொட்டு ஒவ்வொரு திருநாளும் ஏழைகள் மூன்று பேரைத் திருக்குடும்பமாக இருத்தி, இந்த வைன்காரக் குடும்பம் வெறுங்காலோடு பரிமாறும். அந்த மூவரும் வாய் வைக்காமல் வேறு யாரும் தொடக் கூடாது. அவர்கள் கேட்பதை மறுக்கவும் கூடாது. நாலு வருடமாகச் சமையல் நான்.

வேலை ஒப்பந்தக் கடதாசியைச் சிஞ்ஞோராவிடம் இன்றும் நீட்டினேன். “திருநாள் முடியட்டும், ரீத்தா.” இதோடு நாலாவது தடவை. பெர்மெஸ்ஸோவுக்கு, இந்த நாட்டில் தங்கும் அனுமதிக்கு, மனுக் கொடுக்க 31ஆம் திகதி கடைசி. முதலாளியின் கையெழுத்து இல்லாமல் மனு எடுக்கமாட்டார்கள். பெர்மெஸ்ஸோ இல்லாமல் மகளை இங்கே கூப்பிட முடியாது.

16, சனி

பல்லரோ சந்தை. தோடம்பழம், எலுமிச்சை, பெரிய வெங்காயம். (பூண்டு மறந்துபோனேன்.) செல்வமக்காவைக் கண்டேன். மொண்டெல்லோவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறா.

“உன்ரை சிஞ்ஞோரா ஆக்கள் ஆஸ்பத்திரிக்கு வார்டு கட்டிக் குடுக்கினம், ஆபிரிக்காவுக்கு மருந்து அனுப்பினம். வீட்டுக்குள்ளை நிக்கிறவளுக்கு ஒரு கையெழுத்துப் போட ஏலாதோ?”

“கேட்டனான் அக்கா. மறந்து போறா.”

“நல்லா மறந்தா! நீயும் வாயைப் பொத்திக்கொண்டு இரு.”

கோபம் வந்தது. சிஞ்ஞோராவை ஆர் குறை சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. எனக்கு வயிற்றில் ஒப்பரேசன் நடந்தபோது மூன்று நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தவ. தோட்டத்து வேலையாட்களின் பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் அவவுக்குப் பாடம். என் மகளின் பெயரைக் கேட்டதில்லை.

மன்னாரிலிருந்து, மகளை வளர்க்கும் அக்காவின் கடிதம். உள்ளே மகள் அனுஷா தானே எழுதிய முதல் கடிதம். அக்காவின் பிள்ளைகளைப் பார்த்து எழுதியிருக்கிறாள்: அன்புள்ள சித்திக்கு. அக்கா அதை வெட்டி, மேலே ‘அம்மாவுக்கு’ என்று திருத்தியிருக்கிறா. வெட்டினாலும் தெரிகிறது. விட்டு வரும்போது மூன்று வயது. இப்போது எட்டு.

17, ஞாயிறு

பூசை. பிறகு கீரை. விரலெல்லாம் பச்சை.

மாதாவாக இருக்க வேண்டிய விதவை அம்மாவுக்குக் காய்ச்சலாம். சிஞ்ஞோரா நீலச் சால்வையை என் தோளில் போட்டுப் பார்த்தா. “நீதான் மாதா. உன் நாட்டிலும் யுத்தம். விருந்தினருக்கு விளங்கும்.” சமையல்? “அதுவும் நீதான், வேறு யார்?”

19, செவ்வாய்

கை ஓய்ந்துபோயிற்று. ஆனாலும் எழுத வேண்டும்.

விடிய நாலு மணியிலிருந்து அடுப்படி. மத்தியானம் முகம் கழுவி, சால்வை. சூசையப்பர், பல்லரோவில் மீன் சுமந்த ஒரு தாத்தா. குழந்தை யேசு, அவருடைய பேத்தி. முறைப்படி, இடம் தேடி வந்த திருக்குடும்பம் போல, நாங்கள் மூன்று தரம் கிடங்குக் கதவைத் தட்ட வேண்டும். முதல் இரண்டு தரமும் உள்ளே நின்று சிஞ்ஞோராவின் மகன் “இடமில்லை, போங்கள்” என்றார். விளையாட்டுத்தான். மூன்றாம் தரம் திறந்தார்கள்.

சிஞ்ஞோரா வெறுங்காலோடு பாண் கொண்டுவந்து வைத்தா, வைன் வார்த்தா, பாஸ்தா வைத்தா. நான் உப்புப் பார்த்த பாஸ்தா. தாத்தாவும் பேத்தியும் சாப்பிட்டார்கள். எனக்குக் கை எழும்பவில்லை. அடம் இல்லை, சத்தியமாக. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பத்திரிகைக்காரன் கமராவோடு.

சிஞ்ஞோரா முழந்தாளிட்டா. “மாதாவே, என்ன வேண்டும்?”

வழக்கமான கேள்வி. பாணும் ஒதுங்க இடமும் என்று பாடமாக்கி வைத்திருந்தேன்.

“கையெழுத்து, சிஞ்ஞோரா,” என்றேன்.

தொலைந்துவிடும் என்று நாலு நாளாகச் சட்டைக்குள் வைத்துத் திரிந்த கடதாசி. எடுத்தேன். வியர்வையில் நனைந்திருந்தது. அவவின் காதெல்லாம் சிவந்துவிட்டது. மகனிடம் பேனை வாங்கி, பாண் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போட்டா. நான் ஒரு வாய் சாப்பிட்டேன். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். உப்புக் கொஞ்சம் கூடத்தான்.

கோப்பை கழுவும்போது சிஞ்ஞோரா பக்கத்தில் வந்து நின்றா.

“என்னிடம் தனியாகக் கேட்டிருக்கலாமே, ரீத்தா.”

நாலு தரமும் தனியாகத்தான் கேட்டேன். வாயில் வந்தது: “சரி, சிஞ்ஞோரா.”

20, புதன்

வெயில். குவெஸ்தூராவில், மனு எடுக்கும் பொலிஸ் கந்தோரில், நீண்ட வரிசை, கால் கடுத்தது. மனுவை எடுத்துக்கொண்டார்கள். இனி எத்தனை மாதமோ.

திரும்பி வந்தால், சிஞ்ஞோரா தன் கோப்பிக் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்திருக்கிறா. கோபமோ வெட்கமோ தெரியாது. கேட்கவும் தெம்பில்லை.

பேப்பரில் படம் வந்திருக்கிறது. முழந்தாளில் சிஞ்ஞோரா, முன்னால் நான். கீழே அவவின் பெயர், மாமனாரின் பெயர், குடும்பத்தின் தருமம். எனக்கு ‘ஓர் ஏழைப் பெண்’.

அனுஷாவுக்கு அனுப்ப வெட்டியெடுத்தேன். பின்பக்கத்தில் எழுதினேன்: நீலச் சால்வை போட்டிருப்பது அம்மா.