உனக்கென்று சொல்லப்பட்ட விளையாட்டு சீட்

இன்று மாலை விடுதி அறையில் யாரோ முழங்காலுக்குச் சுளுக்குத் தைலம் தேய்த்தார்கள். அந்த வாடை வந்ததும் நீ பக்கத்துக் கட்டிலில் இருப்பதுபோல் தோன்றியது. இந்த விடுதியில் நீ ஒருநாளும் தங்கியதில்லை. தங்கியிருக்க வேண்டியவள்.

நம் பள்ளி வாலிபால் அணியில் பந்தை எழுப்பித் தருபவள் நீ, அடிப்பவள் நான். பன்னிரண்டாம் வகுப்பில் முகாம், போட்டி என்று வெளியூர்களிலேயே கிடந்தோம். இயற்பியலில் பாதிப் பாடம் நாம் இல்லாமலே நடந்து முடிந்தது. மாநிலப் போட்டியில் நம்மைப் பார்த்த இந்த மதுரைக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர், "ரெண்டு பேருக்கும் சீட் உண்டு. படிப்பு, விடுதி எல்லாம் இலவசம். பாஸ் மட்டும் பண்ணிட்டு வாங்க" என்றார். தூத்துக்குடிக்குத் திரும்பும் ரயிலில் நீ பேச்சை நிறுத்தவே இல்லை. "டிகிரி முடிச்சுட்டு போலீஸ்ல சேந்துருவேன்ளா. எங்கம்மாவ உப்பளத்துக்கு விடமாட்டேன்."

தேர்வு முடிவு வந்தது. நான் தப்பித்தேன். நீ இயற்பியலில் தவறிவிட்டாய். உன் அம்மா வாசலில் நின்று சொன்னார்: "இவ ஆட்டத்தப் பாத்து ஊரே கைதட்டுச்சு. அந்தப் பாடத்தச் சொல்லிக்குடுக்க ஒருத்தரும் வரலியே."

துணைத் தேர்வில் பாஸாகி, மதிப்பெண் சான்றிதழோடு மதுரைக்கு வந்தாய். அலுவலகத்துக்கு நானும் கூட வந்தேன். "விளையாட்டுக் கோட்டா முடிஞ்சிருச்சும்மா. அடுத்த வருஷம் செலக்சனுக்கு வா" என்றார்கள். உன் சீட்டில் வேறொரு பெண் சேர்ந்திருந்தாள். பேருந்து நிலையத்தில் அழுதது நான்தான். "ஏளா, ஒரு வருசந்தான? வந்துருவேன், போ" என்று என்னைத் தேற்றிவிட்டு ஏறினாய்.

ஊரில் இறால் உரிக்கும் கம்பெனியில் சேர்ந்தாய். விடிந்ததும் கடற்கரையில் ஓட்டம், பிறகு நாள் முழுக்க ஐஸ் தண்ணீர். "வெரல் மரத்துப் போவுதுளா. பந்து கையில நிக்க மாட்டேங்கு" என்று போனில் சொல்வாய். ஆனாலும் செலக்சனுக்குப் புது ஷூ வாங்கி வைத்திருந்தாய். அதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, வேலை முடிந்து சைக்கிளில் வந்த உன்னைத் துறைமுகச் சாலையில் லாரி அடித்துவிட்டது.

உன்னை வீட்டில் கிடத்தியிருந்தபோது முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கைகளைத்தான் பார்த்தேன். விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

இப்போது எனக்கு இறுதியாண்டு. உன் இடத்துக்கு வந்து எனக்குப் பந்தை எழுப்பித் தருபவள் நல்ல பெண். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் உன் பந்து மற்ற யாருடையதைவிடவும் சீக்கிரம் மேலே வந்துவிடும். அதற்குப் பழகிய என் கால்கள் இன்றும் கொஞ்சம் முந்தியே எழும்புகின்றன. பந்து வந்து சேரும்போது நான் இறங்கத் தொடங்கியிருப்பேன்.

"அதுக்குள்ள யாருக்குக் குதிக்கிற?" என்று பயிற்சியாளர் கத்துவார். நான் இதுவரை திருத்திக்கொள்ளவில்லை.