மாப்பிள்ளை பொருள் எழுதாமல் விட்ட சொல்

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

நீர் கண்ணை மூடிய பிறகு வருகிற முதல் சாரல் இது. தென்காசியில் எல்லாரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். யுத்தத்தால் என் மிளகு வியாபாரம் படுத்துக் கிடக்கிறது. முழங்கால் அதைவிட மோசம். என் தங்கை கோமதி சில நாளாக என்னோடு பேசாமலிருந்து, இன்று காலைதான் வாய் திறந்தாள். அந்தச் சண்டைக்கு நீர்தான் காரணம்.

உம்முடைய கட்டுரையைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திவிட்டு வந்து, ஜெர்மன் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு அழுது எழுதினீரே, அது. துருக்கி மண்ணில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் ஹிட்டைட்டு என்ற பழைய ஜனங்கள் எழுதிவைத்த பூஜை முறை. அதைத் தென்காசியில் யார் கேட்டார்கள்? எல்லாம் எழுதி முடித்தும், ஒரே ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதாமல் போய்விட்டீர்.

அபூர்வமான சொல் என்பீர். இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஓரிடத்தில் ரொட்டியோடு அதையும் சாமிக்கு வைத்துவிட்டுப் பூசாரிகள் தின்கிறார்கள். இன்னோரிடத்தில் கொள்ளைநோயை ஓட்ட, ஆட்டின் கழுத்தில் அதைக் கட்டி விரட்டுகிறார்கள்.

"கயிறா இருக்குமோவே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கயித்தப் பூசாரி திம்பானா மச்சான்? ரெண்டு இடத்துலயும் பொருந்தணும். அதுவரைக்கும் தெரியலன்னுதான் எழுதுவேன்" என்று சிரித்தீர். சிரித்த வாய் இருமலில் முடிந்தது.

போன வாரம் திருநெல்வேலிப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் குற்றாலத்துக்குக் குளிக்க வந்திருந்தார். கோமதி கட்டுரையை என்னிடம் கொடுத்து, "அவுக பேர ஒரு தடவ அச்சுல பாத்துட்டாப் போதும்ணே" என்றாள். போனேன். ஆசிரியர் அருவியிலிருந்து வந்த ஈரத்தலையோடு உட்கார்ந்து படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இந்த ஓட்டைய மட்டும் அடைச்சிருவோம். இது நம்ம தமிழ்ச் சொல்லுதான், படையல்னு அர்த்தம்னு ஒரு வரி போடுதேன். முதல் பக்கத்துல வரும்."

"ஆட்டுக் கழுத்துல படையலக் கட்டி விரட்டுவானாவே?"

"அந்த இடத்த எடுத்துருவோம். யாரு அண்ணாச்சி துருக்கிக்குப் போயிப் பாக்கப் போறா?"

மாப்பிள்ளை, நான் அலுத்துப் போயிருந்தேன். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் பக்கம், உம்முடைய பேர், கோமதியின் முகம். ஆனால் 'யாரு பாக்கப் போறா' என்ற பேச்சைச் சந்தையில் எத்தனை வாயில் கேட்டிருக்கிறேன்! மிளகில் பப்பாளி விதையைக் கலக்கிறவன் அதைச் சொல்லித்தான் கலக்கிறான். காகிதங்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

"ஒரு வார்த்தைக்காகவா?" என்றாள் கோமதி. "அவுகளுக்குத்தான் அது பெருசு. உங்களுக்குமாண்ணே?" அதோடு பேச்சை நிறுத்தினாள். இருமிக்கொண்டே அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினீரே, அது உமக்கு என்ன தந்தது?

இன்று காலை காப்பியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"படையல்னு போட்டுட்டா, அது அவுக எழுதினதா இருக்குமா?"

"பேரு அவருது இருக்கும்."

"அவுக எழுதாததுல பேரு மட்டும் எதுக்கு?" என்றாள். பிறகு அழுதாள். நானும் தடுக்கவில்லை.

ஆகையால் ஒரு வாக்குத் தருகிறேன். காகிதம் கிடைக்காத காலம்தான், உடம்பிலும் தெம்பில்லை. ஆனாலும் தென்காசியிலேயே சின்னப் புத்தகமாக அச்சடிப்பேன். அந்தச் சொல் வருகிற இரண்டு இடத்தையும் விடாமல் போட்டு, 'பொருள் இன்னும் தெரியவில்லை' என்று உம்முடைய பேரிலேயே வரும். யுத்தம் ஓய்ந்து, பிற்பாடு எவனாவது பொருள் கண்டுபிடித்ததாக வந்தால், இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்த பிறகுதான் கோமதியிடம் சொல்வேன்.

இப்படிக்கு,
உம்முடைய கோமதிக்கு அண்ணன்