கடைசி ரோபோவின் கையில் சாவி

புதன்கிழமை, இரவு.

என் காமிக்ஸின் கடைசிப் பக்கத்தை மாற்றச் சொல்லி, காலையில் சென்னையிலிருந்து எடிட்டர் போன் செய்தார். கதையில் மலை ரோபோக்களும் சமவெளி ரோபோக்களும் மின்நிலையத்தின் சாவிக்காக அடித்துக்கொள்கின்றன. சாவியை வைத்திருப்பவரே தலைவர். முடிவில் அது, மின்கம்பியின் கடைக்கோடியில் நிற்கும் குட்டி ரோபோவிடம் போகிறது.

"மேடம், சண்டையில ஜெயிச்சவன்தான் தலைவன். இதைப் பார்த்தா ரீடர் சிரிப்பான். நாளைக்குள்ள மாத்திக் குடுங்க."

சுருளிப்பட்டியில் தண்ணீர் திறந்துவிடும் எங்கள் வாய்க்கால் ஷட்டரின் சாவி எப்போதும் கடைமடைக்காரரிடம்தான், வாய்க்காலின் கடைசி வயலுக்குச் சொந்தக்காரரிடம்தான் இருக்கும். இப்போது அது என் அண்ணனிடம் இருக்கிறது. சாப்பிடும்போது அவனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தலைமடைக்காரன்ட்ட சாவியக் குடுத்துப் பாக்கச் சொல்லுத்தா. தன் வயலு நெறஞ்சதும் பூட்டிட்டுப் போயிருவான். கடைசி ஆளு கையில இருந்தாத்தான் எல்லா வயலும் நனையும்" என்றான். கை கழுவிவிட்டு வந்து, "மாத்தலேன்னா என்ன செய்வாகளாம்?" என்று கேட்டான்.

என்ன செய்வார்கள்? வேறு ஓவியர் கிடைக்காமலா போவார்? சரி, அதை இப்போது நினைக்க வேண்டாம்.

எவருக்குச் சிரிப்பு வந்தாலும் சிரிக்கட்டும். பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றவனுக்குச் சிரிப்பு வராது.

அந்தப் பக்கத்தில் சாவி மட்டும் இன்னும் பென்சில் கோடாக இருந்தது. சற்று முன் மை தொட்டு அழுத்தி வரைந்துவிட்டேன். எந்த ரப்பர் வந்து அழிக்கிறது, பார்க்கிறேன்.