சொந்தமா என்று கேட்டார்கள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தொம்மலூர் மேம்பாலத்தின் கீழ் ஒரே நெரிசல். ஆஸ்பத்திரிக்குத் தாமதம்.

குழந்தை தியாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் ரகுவுக்கும்கூட. ஜீன் டெஸ்ட். நாலாம் மாதம் நின்ற தலை இப்போது நிற்பதில்லை. ஏன் என்று இதில் தெரியுமாம்.

விவரம் கேட்ட கவுன்சலர் சின்ன வயசுப் பெண். கன்னடத்தில், "சம்பந்ததல்லி மதுவேனா?" சொந்தத்தில் கல்யாணமா. நான் வாய் திறப்பதற்குள் ரகு, "இல்ல மேடம், ஹொரகடே." வெளியில்தானாம். ரகு என் சொந்த அத்தை மகன்.

ஆட்டோவில் கேட்டேன், "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"எம்.டெக் படிச்சிட்டு மாமா பொண்ணக் கட்டிக்கிட்டேன்னா ஒரு மாதிரி பாப்பாங்க. நீயும் அங்க மாமா மாமான்னு கூப்புடாத."

தியாவின் கழுத்தைத் தாங்கித் தாங்கி இடது கை மரத்துவிட்டது.

ஜூலை 21, திங்கள்

ரிப்போர்ட் இன்னும் இல்லை.

ஆபீசில் வெளிநாட்டு விருந்தினருக்கு ஸ்லைடு. உயிர் அறிவியலுக்கு ஏன் பெங்களூரு. என் தலையில் கட்டினார்கள். ஆராய்ச்சிக்கூடங்கள், பெரிய ஆஸ்பத்திரிகள், ஜீன் மெஷின்கள், அந்த மெஷின் சொல்வது புரிகிற கம்ப்யூட்டர் பிள்ளைகள். எல்லாம் ஒரே ஊரில். மேனேஜர், "ஏர்போர்ட் பக்கம்னு ஒரு வரி போடுங்க" என்றார். பக்கத்து சீட் மேரி, "அப்ப ஏர்போர்ட் போற வழியில ஹெப்பால் டிராஃபிக்க அவங்க கண்ணுல காட்டிடாதீங்க சார்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

எழுதியதில் மற்றது எதுவும் பொய் இல்லை. இவ்வளவும் இருக்கிற ஊரில் என் பிள்ளைக்கு ஒன்று இல்லாமலா போகும்.

வாங்க: டயபர், ராகி, வலிப்பு மருந்து.

அத்தை போன். "ஆடி போகட்டும், பிரபுவுக்கு நம்ம நித்யாவக் கேக்கலாம்னு இருக்கேன். வெளியில எதுக்குத் தேடணும்?" பிரபு ரகுவின் தம்பி. நித்யா என் தங்கை. குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கடைசியில் கேட்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ரிப்போர்ட் வந்தது. அதே கவுன்சலர் பெண். கதவைச் சாத்திவிட்டு வந்து, இந்த முறை தமிழில் பேசினாள். தமிழர்கள் நிறைந்த ஜீவனஹள்ளியாம்.

"சார், நீங்க ரெண்டு பேரும் சொந்தம்தானே? பாப்பா ரத்தத்துல தெரியுது. நாங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்."

ரகு செருப்பைப் பார்த்துக்கொண்டே, "மாமா பொண்ணு" என்றார்.

நோய்க்கு நீளமான பெயர். ஜீனில் ஒரே பிழை எங்கள் இருவரிடமும், ஆளுக்கொன்று. எங்களை ஒன்றும் செய்யாது. தியாவிடம் இரண்டும் சேர்ந்துவிட்டன.

"மருந்து?"

"ஆராய்ச்சி நடக்குது மேடம். இந்த ஊர்லயே. ஆனா இன்னும் எலியிலதான்."

என் ஸ்லைடில் அந்த வரியும் இருக்கிறது. எலி என்று போடவில்லை.

"உங்க கூடப் பொறந்தவங்களுக்கும் இந்தப் பிழை இருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் ரகு, "அம்மாகிட்ட இப்ப வேணாம்."

தியா அந்தப் பெண்ணின் பேனாவைப் பார்த்துச் சிரித்தாள். இன்னும் சிரிக்கிறாள். அதுவும் போய்விடுமா என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது. தியாவுக்குப் பால் வாயிலேயே நிற்கிறது. தொண்டையைத் தடவிவிட்டால்தான் இறங்குகிறது. ஸ்லைடு பிரமாதம் என்று மேனேஜர் மெசேஜ்.

சாயங்காலம் அத்தை. ஸ்பீக்கரில். "ஆவணி மொத வெள்ளி பூ வெச்சிடலாம்டா. என்ன சொல்ற?"

"பாக்கலாம்மா." ரகு பால்கனிக்குப் போய்விட்டார். போன் மேசையில்.

"அத்தை," என்றேன். "நானும் மாமாவும் சொந்தம்ங்கறதாலதான் தியாவுக்கு இப்படியாம். பூ வெக்கறதுக்கு முன்னாடி பிரபுவும் நித்யாவும் ரத்தம் குடுத்துப் பாக்கட்டும்."

அந்தப் பக்கம் டிவியை அணைத்தார். பிறகு, "எங்க ரத்தத்துலயா குறை சொல்ற? அது உங்கப்பன் ரத்தமும்தாண்டி."

"ஆமா அத்தை. அதேதான்."