முனை தேய்ந்த டேப்

அன்பான என் வீட்டுக்காரிக்கு,

நானும் மகளும் நலம். அந்த ஊர்ப் புதுப் பேக்கரி வேலைக்கு நடுவிலும் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பித்தான் மற்றதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் அழுது முடித்துவிட்டு மீதியைப் படிக்கலாம்.

நம் அவசரக்குடுக்கையை நேற்று டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனேன். எட்டு மாதமாகியும் தலையணை முட்டில்லாமல் உட்காரவில்லையே என்ற பயம் உனக்கு மட்டுமா? அதே வாரம் பிறந்த என் தங்கை மகள் வீடெல்லாம் தவழ்கிறாள். தங்கை அதைச் சொல்லும்போதெல்லாம், காதில் விழாத மாதிரி தையல் மிஷினை வேகமாக மிதிப்பேன்.

டாக்டரம்மா என் பையிலிருந்த நூல்கண்டை அவளிடம் காட்டினார். பிடித்தாள், கை மாற்றினாள், வாயில் வைத்தாள், பிடுங்கியதும் ஊரைக் கூட்டினாள். எப்போது பிறந்திருக்க வேண்டிய குழந்தை என்று கேட்டார். சொன்னேன். வயதை அங்கிருந்து எண்ணுங்கள் என்றார். ஒன்றரை மாதம் முந்தி வந்தவளுக்கு இப்போது ஆறரை மாதக் கணக்குதானாம். இரண்டு வயது வரை அப்படித்தான் பார்க்க வேண்டுமாம். அந்தக் கணக்குக்கு இவள் செய்வதெல்லாம் சரியாக இருக்கிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பழைய டேப்பின் முனை தேய்ந்து போனதால், ஒன்றாம் இஞ்சிலிருந்து பிடித்து அளந்து, கடைசியில் அந்த ஒன்றைக் கழிப்பேன் இல்லையா? ஊரார் சட்டைக்கெல்லாம் கழிக்கத் தெரிந்தவன், பெற்ற மகளுக்குக் கழிக்க மறந்துவிட்டேன்.

கவலை அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி காட்ட வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டச் சொன்னார். துணி வெட்டும் மேசை பக்கத்திலேயே பாய் விரித்திருக்கிறேன். நேற்றுத்தான் எனக்குச் சாப்பாடு ருசித்தது.

நீ கேட்கவே மாட்டாய் என்பதால் இன்னொன்றையும் நானே கேட்டேன். வயிற்றுப் பிள்ளையோடு நாள் முழுக்க பேக்கரி அடுப்பின் முன் நின்றாளே, அதனாலா என்று. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "காரணமே தெரியாம எத்தனையோ குழந்தைங்க முந்திக்கிட்டு வருது. அவங்க மேல தப்பில்லைன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க." அப்படியே எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில், வழக்கம்போல மகளிடம் அம்மாவை மன்னிச்சுக்கோ என்று ஆரம்பிக்காதே. உன் குரல் கேட்டாலே பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறவளிடம் அதைச் சொல்லலாமா? அப்படி என்னடி அவசரம் உனக்கு என்று ஒரு தடவை திட்டு. அவள் சிரிப்பாள். நீயும் சிரி.

நல்லா இரு, கண்ணு.

உங்கள் இருவரின்,
தையல்காரன்